தூண்டில் சாதனையும் தராசின் இயற்பியலும்

காசிமேட்டில் ஏலத்துக்கு வரும் வஞ்சிரத்தின் எடையும் தரமும் அதன் விலையைத் தீர்மானிக்கின்றன. அது வலையில் சிக்கியதா, தூண்டிலில் சிக்கியதா என்று யாரும் விசாரிப்பதில்லை. அதே மீனைச் சென்னைக் கடலில் தூண்டிலிட்டுப் பிடித்த ஒருவர் அதை உலகச் சாதனை என்று உரிமை கோரினால், எடையோடு அது பிடிபட்ட விதமும் ஆராயப்படும். இதற்காக 1939இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் வகுத்திருக்கும் விதிகள் பலவற்றின் அடியில் இயற்பியல் இருக்கிறது.

மீனைக் கரையில்தான் நிறுக்க வேண்டும், படகில் நிறுத்த எடை செல்லாது. அலை படகைத் தூக்கும்போது தராசில் தொங்கும் மீனும் மேல்நோக்கி முடுக்கப்படுவதால், தராசின் சுருள்வில் கூடுதல் விசையைத் தாங்க நேர்கிறது. அந்த முடுக்கம், வேகத்தை ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 1 மீட்டர் கூட்டும் அளவு மட்டுமே என்றாலும், 20 கிலோ மீன் அக்கணத்தில் 22 கிலோவாகத் தெரியும். கரையேறிய பின்னும் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டைவிடத் துருவங்களில் ஏறக்குறைய அரை விழுக்காடு அதிகம் என்பதால், லண்டனில் சரிசெய்யப்பட்ட வில் தராசு சென்னையில் சுமார் 0.3 விழுக்காடு குறைத்துக் காட்டும். 40 கிலோ மீனில் இது 120 கிராம். ஆகவே, தராசு அது பயன்படும் வட்டாரத்திலேயே படித்தர எடைக்கற்களால் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றிருப்பது நல்லது. நம் கடைத் தராசுகள் அரசு முத்திரை பெறும்போது நடப்பதும் இத்தகைய சோதனைதான்.

எந்தத் தராசிலும் சிறு பிழை எஞ்சும் என்பதை ஒப்புக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் நேர்மையானது அதுவே என்று கருதுகிறேன். 25 பவுண்டு, அதாவது சுமார் 11.3 கிலோ, அல்லது அதற்கு மேற்பட்ட சாதனையை முறியடிக்கப் புதிய மீன் குறைந்தது அரை விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த எடையென்றால் 2 அவுன்ஸ், ஏறத்தாழ 57 கிராம், கூடுதலாக இருக்க வேண்டும். ஜப்பானின் பிவா ஏரியில் 2009இல் மனாபு குரிட்டா பிடித்த பெருவாய் பாஸ் மீன், 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்ததைவிட ஓர் அவுன்ஸுக்கும் சற்றே குறைவான அளவுதான் கூடுதல் என்பதால், இருவரும் சாதனையைப் பகிர்ந்துகொண்டனர்.

தூண்டில் நரம்பின் மாதிரியையும் அனுப்ப வேண்டும், ஏனெனில் சாதனைகள் நரம்பின் வலிமையை வைத்தும் வகைப்படுத்தப்படுகின்றன. அதை நனைத்த பிறகே இழுத்துச் சோதிக்கிறார்கள். நைலான் மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கிடையே நீர் புகுந்து அவற்றின் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துவதால், நனைந்த நரம்பு உலர்ந்ததைவிட எளிதில் அறும். கடலில் மீனோடு போராடியதும் நனைந்த நரம்புதான்.

ஒளிப்படம் மட்டும் போதாது. படக்கருவிக்கு 2 மீட்டர் தொலைவில் நிற்பவர் மீனை 60 சென்டிமீட்டர் முன்னே நீட்டினால், அது அவர் உடலோடு ஒப்பிடுகையில் 1.4 மடங்கு பெரிதாகத் தெரியும்.

தராசால் தீர்க்க முடியாத வாதமும் உண்டு. கலிபோர்னியாவின் டிக்சன் ஏரியில் 2006இல் பிடிபட்ட ஒரு பாஸ் மீன் 25 பவுண்டைத் தாண்டியது. ஆனால் தூண்டில் முள் அதன் வாய்க்கு வெளியே குத்தியிருந்ததால், அதைப் பிடித்தவர் சாதனைக்கு விண்ணப்பிக்காமல் நீரிலேயே விட்டுவிட்டார். வேண்டுமென்றே குத்தப்படாத மீனுக்கு அவர் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று இன்றும் கேட்போர் உண்டு. மீன் தானாக இரையைக் கவ்வுவதுதான் தூண்டில் கலையின் அடிப்படை என்பதால், அவர் செய்தது சரியென்றே எனக்குப் படுகிறது.