30 மீட்டர் கம்பி, 16 மீட்டர் ஆழம்: சூரை மீனும் டவுன்ரிக்கரும்

இரையைப் பாரம் கட்டி ஆழத்துக்கு இறக்கும் கருவியான டவுன்ரிக்கரின் எண்காட்டி 30 மீட்டர் என்று காட்டுகிறது. படகு மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் சூரைக்கான போலி இரையை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இரை இப்போது எந்த ஆழத்தில் இருக்கும்? 30 மீட்டரில் என்று நம்பித்தான் பலரும் கம்பியை இறக்குகிறார்கள். அந்த வேகத்தில் அது ஏறத்தாழ 16 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கும். எண்காட்டிக்குத் தெரிந்தது, வெளியே விட்ட கம்பியின் நீளம் மட்டும். எவ்வளவு ஆழம் என்பதைப் படகின் வேகம்தான் முடிவு செய்கிறது. சூரை பிடிப்பவர்கள் பாரத்தைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள், வேகத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது அதுதான்.

கருவி எளிமையானது. படகின் பின் ஓரத்தில் ஓர் உருளை, அதில் சுற்றிய மெல்லிய எஃகுக் கம்பி. நீண்ட கரம் ஒன்றின் முனையிலுள்ள கப்பி வழியாக அந்தக் கம்பி கடலில் இறங்குகிறது. நுனியில் 4 முதல் 6 கிலோ வரை எடையுள்ள ஈயக்குண்டு தொங்குகிறது. மீன் பிடிக்கும் நரம்பு இதில் சேராது. அது தனியே தூண்டில் கழியிலிருந்து வருகிறது, குண்டுக்கு அருகே ஒரு கவ்வியில் மாட்டப்படுகிறது. குண்டு இறங்கும்போது நரம்பையும் கூட்டிக்கொண்டு போகும். மீன் இரையைப் பற்றி இழுத்ததும் கவ்வி நரம்பை விட்டுவிடும். பிறகு மீனுக்கும் மனிதனுக்கும் இடையே வெறும் நரம்பு மட்டும்தான். பாரத்தை நரம்பிலேயே கட்டியிருந்தால், போராட்டம் முடியும்வரை அந்த 5 கிலோவையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும்.

கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு விலகிக்கொள்ளும் பாரம் என்ற இந்த யோசனை மிகப் பழையது. ஹவாயிலும் பிற பொலினீசியத் தீவுகளிலும் மீனவர்கள் ஒரு கல்லில் இரையையும் தூவல் தீனியையும் வைத்து நரம்பால் சுற்றி, உருவு முடிச்சுப் போட்டு ஆழத்தில் இறக்குவார்கள். வேண்டிய ஆழம் வந்ததும் நரம்பைச் சுண்டி இழுத்தால் முடிச்சு அவிழும், கல் அடியில் விழும், இரை மட்டும் நீரில் மிதந்து நிற்கும். அவர்கள் அப்படித் தேடியதும் சூரையைத்தான்.

இன்றைய டவுன்ரிக்கர் பரவலானது கடலில் அல்ல, அமெரிக்காவின் பேரேரிகளில். 1966இல் மிச்சிகன் மாநிலம் தன் ஆறுகளில் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டது. அவை மிச்சிகன் ஏரியில் வளர்ந்து பெருகியபோது புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. கோடையில் மேல்நீர் சூடானதும் சால்மன்கள் குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடும். அங்கே இரையைக் கொண்டுசெல்லத்தான் இந்தக் கருவி ஊரெங்கும் பரவியது. சால்மனுக்காகப் படகு மணிக்கு 2 முதல் 3 கடல் மைல் வேகத்தில் ஊர்ந்து போகும். கருவியின் பாரமும் கம்பியும் அந்த வேகத்துக்கென அமைந்தவை. சூரைக்கோ மேற்பரப்பில் போலி இரையை 6, 7 கடல் மைல் வேகத்தில் இழுப்பது வழக்கம். ஏரிக்குச் செய்ததை அந்த வேகத்தோடு கடலுக்குக் கொண்டுவந்தால் அது தடுமாறுகிறது.

சூரையைத் தேடி ஏன் ஆழத்துக்குப் போக வேண்டும்? அந்த மீனின் உடலில் விடை இருக்கிறது.

சூரைக்கு வெதுவெதுப்பான உடல். இதை முதலில் அளந்து எழுதியவர்களில் ஒருவர் ஜான் டேவி. வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் தம்பியான இவர் இலங்கையில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றியவர். சூரை இனத்து மீன் ஒன்றின் உடல் சுற்றியிருந்த கடல்நீரைவிடச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடாக இருந்ததை 1835இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார். 1966இல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலைய ஆய்வாளர்கள் ஃபிராங்க் கேரியும் ஜான் டீலும் இதன் பொறியமைப்பை விளக்கினார்கள். நீந்தும் தசையில் பிறக்கும் சூட்டைச் சிரை ரத்தம் வெளியே எடுத்து வருகிறது. செவுளிலிருந்து வரும் குளிர்ந்த தமனி ரத்தம் அதற்கு எதிர்த்திசையில், ஒட்டியபடியே உள்ளே போகிறது. நூற்றுக்கணக்கான நுண்குழாய்கள் இப்படி அடுத்தடுத்து ஓடுவதால் சூடு ஒரு குழாயிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி உடலுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது.

இந்தக் கதகதப்பு இதயத்துக்குக் கிடைப்பதில்லை. இதயம் செவுளை ஒட்டி, அந்த நுண்குழாய் வலைக்கு வெளியே இருக்கிறது. சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையில்தான் அது துடித்தாக வேண்டும். குளிர்ந்த நீரில் துடிப்பு மந்தமாகும். ஓயாமல் நீந்தி, செவுளுக்கு நீரைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் மூச்சு என்ற நிலையிலுள்ள மீனுக்கு அது பெரிய தடை.

ஆகவே மஞ்சள்துடுப்புச் சூரை மேற்பரப்பு நீரைவிட 8 டிகிரிக்கு மேல் குளிர்ந்த நீரில் அதிக நேரம் தங்குவதில்லை. 1,000 மீட்டருக்கும் கீழே அது பாய்ந்த பதிவு இந்தியப் பெருங்கடலிலேயே உண்டு. ஆனால் அவை குறுகிய பாய்ச்சல்கள், குடியிருப்பு அல்ல. பெருங்கண் சூரை இன்னும் துணிச்சலானது. பகலில் 300 முதல் 500 மீட்டர் ஆழத்தில் வேட்டையாடும், இடையிடையே மேலே வந்து உடலைச் சூடேற்றிக்கொண்டு திரும்பும். அதை டவுன்ரிக்கரால் எட்ட முடியாது. அந்த ஆழம், ஒரே நீண்ட கயிற்றில் ஏராளமான தூண்டில்கள் தொங்கும் நெடுந்தூண்டிலின் ஆட்சி.

டவுன்ரிக்கருக்கு உரிய இடம் நடுவில் இருக்கிறது. கடலின் மேல்நீர் காற்றாலும் அலையாலும் கலங்கி ஒரே சூட்டில் இருக்கும். அதன் அடியில் வெப்பநிலை சட்டென்று சரியும் அடுக்கு தொடங்குகிறது. வெயில் ஏறியதும் மஞ்சள்துடுப்புச் சூரை பெரும்பாலும் இந்தச் சரிவின் விளிம்பை ஒட்டி நீந்துகிறது. அந்த விளிம்பு ஒவ்வொரு கடலிலும் ஒவ்வோர் ஆழத்தில் இருக்கும். கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக்கில் மேலேயே இருப்பதால் சூரைக்கூட்டம் மேல்நீரில் அடைபட்டுச் சுருக்குவலைக்கு எளிதாகச் சிக்குகிறது. ஹவாயை ஒட்டி அது வெகு கீழே. 20 முதல் 40 மீட்டரில் விளிம்பு இருக்கும் நாளில் டவுன்ரிக்கர் தன் வேலையைச் செய்யும், அதுவும் இரை உண்மையிலேயே அந்த ஆழத்துக்குப் போனால்.

இப்போது கணக்குக்கு வருவோம். குண்டின் எடை மாறாதது. 5 கிலோ ஈயம் கடல்நீரில் ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையோடு கீழ்நோக்கி இழுக்கும், படகு நின்றாலும் ஓடினாலும் அதே அளவு. நீர் பின்னோக்கித் தள்ளும் விசை அப்படியல்ல. அது வேகத்தின் இருமடியாக வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்கு. மாறாத ஒன்றும் இருமடியில் வளரும் ஒன்றும் மோதினால் எது வெல்லும் என்பது தெளிவு.

அந்தத் தள்ளுவிசையில் பெரும்பங்கு குண்டின் மேல் விழுவதில்லை. 5 கிலோ ஈயக்குண்டின் குறுக்கு முகம் சுமார் 70 சதுர சென்டிமீட்டர். 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி 30 மீட்டர் நீளத்தில் நீருக்குக் காட்டும் முகமோ 240 சதுர சென்டிமீட்டர். நூல் போலத் தோன்றும் கம்பிதான் குண்டைவிடப் பல மடங்கு அதிகமாகத் தள்ளப்படுகிறது. கம்பி நேர்கோடாகச் சாயாது. அடியில் ஏறத்தாழ செங்குத்தாக இறங்கி, மேலே வர வர மேலும் மேலும் படுத்து, ஒரு வளைகோடாகும்.

இந்த வளைகோட்டுக்கு நான் போட்ட தோராயக் கணக்கு இது. 5 கிலோ குண்டு, 0.8 மில்லிமீட்டர் கம்பி, வெளியே விட்டது 30 மீட்டர். இரண்டரைக் கடல் மைல் வேகத்தில் குண்டு 28 மீட்டர் ஆழத்தில் இருக்கும். ஏரிக்காரர்கள் எண்காட்டியை நம்பியதில் தவறில்லை. 4 கடல் மைல் வேகத்தில் 23 மீட்டர். 6 கடல் மைலில் 16 மீட்டர், அதுவும் படகுக்கு 24 மீட்டர் பின்னால். 6 கடல் மைல் வேகத்திலேயே 30 மீட்டர் ஆழத்தைத் தொட வேண்டுமென்றால் சுமார் 140 மீட்டர் கம்பி விட வேண்டும். விட்ட ஒவ்வொரு கூடுதல் மீட்டரும் தானே தள்ளுவிசையை வாங்கிக்கொள்வதால் லாபம் சுருங்கிக்கொண்டே போகிறது.

எந்தத் திருத்தம் எவ்வளவு உதவும்? 6 கடல் மைல் வேகத்தை மாற்றாமல் குண்டை 10 கிலோவாக்கினால் 16 மீட்டர் 21 ஆகும். கம்பிக்குப் பதில் 0.5 மில்லிமீட்டர் பின்னல் நரம்பைப் போட்டால் 19. குண்டை எவ்வளவு வழவழப்பாகச் செதுக்கினாலும் கிடைப்பது 2 மீட்டர்தான். பாரத்தையும் கம்பியையும் தொடாமல் வேகத்தை 6இலிருந்து 4 ஆகக் குறைத்தாலே 23 மீட்டர் கிடைத்துவிடுகிறது. பாரத்தை இரட்டிப்பாக்கி, கரத்தையும் உருளையையும் வருத்தி அடைந்ததைவிட இது அதிகம்.

வேகத்தைக் குறைத்தால் சூரை கடிக்குமா என்று கேட்பார்கள். கடிக்கும், இரையும் அந்த வேகத்துக்கு ஏற்றதாக இருந்தால். மேற்பரப்பில் துள்ளிக் குமிழியிடும் இறகு இரையை 4 கடல் மைலில் ஆழத்தில் இழுத்தால் அது செத்த துணி போல வரும். மெதுவான ஓட்டத்திலேயே உடலை ஆட்டும் மீன்வடிவ இரை வேண்டும். உயிருள்ள கானாங்கெளுத்தி போன்ற மீனைக் கோத்து 2, 3 கடல் மைலில் நகர்த்துவது இன்னும் நல்லது. அந்த வேகத்தில் டவுன்ரிக்கர் தன் பிறந்த ஏரியில் இருந்ததைப் போலவே துல்லியமாக வேலை செய்யும்.

ஆழத்தைக் கணிக்க ஒரு குறுக்குவழி சொல்லப்படுகிறது: நீர்மட்டத்தில் கம்பியின் சாய்கோணத்தைப் பார்த்து, முக்கோணக் கணக்குப் போடு என்று. இது கம்பி நேராக இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. 4 கடல் மைலில் அந்தக் கணக்கு 16 மீட்டர் என்று காட்டும், உண்மை 23. ஒலியை அனுப்பி நீரடியில் இருப்பதைத் திரையில் காட்டும் எக்கோ சவுண்டரும் கைகொடுக்காது. மெதுவாகப் போகும்போது குண்டு அதன் ஒலிக்கூம்புக்குள் இருப்பதால் திரையில் தெரியும். வேகம் கூடியதும் குண்டு கூம்புக்கு வெகு பின்னால் போய்விடும்.

இன்னொரு பிழை ஜிபிஎஸ் வேகத்தை நம்புவது. ஜிபிஎஸ் நிலத்தைப் பொறுத்த வேகத்தைத்தான் சொல்கிறது. எதிரே 1 கடல் மைல் நீரோட்டம் இருந்தால், திரையில் 4 என்று காட்டும்போது கம்பியை நீர் 5 கடல் மைல் வேகத்தில் தள்ளுகிறது. தள்ளுவிசை ஒன்றரை மடங்குக்கும் மேல். படகைத் திருப்பி நீரோட்டத்தோடு ஓட்டினால் அதே 4இல் குண்டு பல மீட்டர் கீழே இறங்கிவிடும். போகும்போது கடிக்காத மீன் வரும்போது கடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவ்வியின் இறுக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீரின் இழுப்புக்கே விட்டுவிடும் அளவு தளர்வாக இருந்தால் இரை தானே மேலே வந்துவிடும். சூரை மோதும் வேகமோ பெரியது என்பதால் சால்மனுக்கு வைப்பதைவிட இறுக்கமாக வைக்கலாம். நரம்பை இழுத்துத் தூண்டில் கழியை வில் போல வளைத்து வைத்தால், கவ்வி விட்டதும் கழி நிமிர்ந்து தொய்வை வாங்கிக்கொள்ளும். மீன் பட்டதும் முதலில் குண்டைத் தூக்கிவிட வேண்டும். சூரை களைத்த பிறகு படகுக்கு நேர் கீழே வட்டமிட்டுச் சுற்றும். கம்பி அங்கே தொங்கிக்கொண்டிருந்தால் நரம்பு அதில் உரசி அறுந்துபோகும்.

வேகத்தைக் குறைக்கவே முடியாது, 6 கடல் மைலில்தான் ஓடுவேன் என்பவருக்கு டவுன்ரிக்கர் சரியான கருவி அல்ல. அவருக்கு ஏற்றது அமிழ்தகடு. சாய்வாகக் கட்டிய ஓர் உலோகத் தகடு, ஓடும் நீரைத் தள்ளித் தன்னைக் கீழே அழுத்திக்கொள்ளும். அதன் கீழ்நோக்கிய விசை எடையிலிருந்து வருவதில்லை, நீரின் ஓட்டத்திலிருந்து வருகிறது. ஆகவே அதுவும் வேகத்தின் இருமடியாக வளர்கிறது. பின்னே தள்ளும் விசையும் கீழே அழுத்தும் விசையும் ஒன்றாகவே ஏறுவதால், 4 கடல் மைலிலும் 6 கடல் மைலிலும் தகடு ஏறத்தாழ ஒரே ஆழத்தில் ஓடும். அதற்குரிய விலையும் உண்டு: கைக்கு வரும் இழுப்பு கடுமையாக இருக்கும், எட்டும் ஆழமும் பெரும்பாலும் 10 மீட்டரை ஒட்டித்தான்.