தெரபிக்குத் தமிழ் என்ன?

"வாழ்க்கை மற்றும் குடும்ப அழுத்தத்திற்கான நிகழ்நிலை சிகிச்சை."

போன வாரம் ஓசூரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸ் மேட்டரின் தலைப்பு இது. தர்மபுரியில் டிடிபி கடை வைத்திருப்பவனுக்கு இந்த மாதிரித் தமிழ் புதிதல்ல. காதுகுத்துப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே மாதம் இரண்டாவது வந்துவிடும். ஆனாலும் ஒரே வரியில் மூன்று சொல் தப்பு என்றால் டைப் அடிக்கக் கை வருவதில்லை.

நோட்டீஸில் 'சிகிச்சை' என்று ஆகியிருப்பது ஆங்கிலத்தின் 'தெரபி', அதாவது மனசுக் கஷ்டத்தை அதற்கென்று படித்தவரிடம் பேசித் தீர்த்துக்கொள்வது. மூலத்தில் அது கிரேக்கச் சொல். அதன் வேர்ப்பக்கத்தில் நிற்பது 'தெரபோன்', அதாவது பணிவிடை செய்பவன், கூடவே இருப்பவன். ஹோமரின் இலியத் காவியத்தில் வீரன் அக்கிலீசுக்கு அவன் தோழன் பட்ரோக்லஸ் தெரபோன். அக்கிலீசு யாழ் மீட்டிப் பாடும்போது எதிரே வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்கிறான். விருந்தாளி வந்தால் எழுந்து சாப்பாட்டைக் கவனிக்கிறான். மருந்து, நோய் எல்லாம் இந்தச் சொல்லில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

சிகிச்சை வடமொழி. 'சிகித்ஸா' என்பதற்கு மூலத்தில் கவனிக்க விழைதல் என்று பொருள் சொல்வார்கள். அழகான பொருள்தான். வடமொழி என்பதற்காக அதை நான் விரட்டவில்லை, கடையில் நாள் முழுக்க அடிக்கும் 'விவாகம்', 'சுபமுகூர்த்தம்' எல்லாம் எந்த மொழியாம்? என் சண்டை அந்தச் சொல் இன்று யாரோடு சேர்ந்து திரிகிறது என்பதில். 'தீவிர சிகிச்சைப் பிரிவு.' 'அறுவை சிகிச்சை.' எல்லாவற்றுக்கும் மேலே, பேப்பரில் தினமும் படிக்கிறோமே, 'சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்.' இந்தச் சொல்லைக் கொண்டுபோய், மாமியாரோடு ஒத்துப்போகாமல் ராத்திரி தூக்கம் வராதவளிடம் நீட்டினால் அவள் எப்படி வருவாள்? மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது சிகிச்சை, அங்கே அந்தச் சொல் சரி. பேச்சு மட்டுமே நடக்கும் இடத்தில் அது ஆளை நோயாளி ஆக்கிவிடுகிறது.

அடுத்தது 'அழுத்தம்'. பத்தாம் வகுப்புத் தாண்டி இயற்பியல் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும், பிரஷர்தான் அழுத்தம். ஸ்ட்ரெஸ்ஸுக்குப் பாடப்புத்தகம் 'தகைவு' என்கிறது. தகைவை மனசுக்குக் கொண்டுவர வேண்டாம், அது கம்பிக்கும் பாலத்துக்கும் போதும். ஆனால் நம் ஊரில் 'அழுத்தக்காரி' என்றால் என்ன அர்த்தம்? எதையும் வெளியே சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டிருப்பவள். 'குடும்ப அழுத்தம்' என்று படித்ததும் எனக்கு அந்தக் குடும்பமே ஒன்றுகூடி ரகசியம் காக்கிற மாதிரி இருந்தது. போதாததற்கு 'மன அழுத்தம்' என்பதை ஸ்ட்ரெஸ்ஸுக்கும் போடுகிறார்கள், டிப்ரெஷனுக்கும் போடுகிறார்கள். படிப்பவருக்கு எது வந்திருக்கிறது என்றே தெரியாது. முன்னதற்கு மன உளைச்சல், பின்னதற்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. உளைச்சல் நல்ல சொல். களை பிடுங்கிவிட்டு வந்தவர்கள் 'கை காலெல்லாம் உளையுது' என்பார்கள். அதே உளைதல்தான் மனசிலும்.

ஆன்லைனுக்கு 'நிகழ்நிலை' என்பது இலங்கையில் புழங்குகிறது, 'இயங்கலை' மலேசியாவில். இங்கே 2020இல் பிள்ளைகள் போனில் படித்தபோதே 'இணையவழி' ஊன்றிவிட்டது. அதைத் தள்ள ஒரு காரணமும் இல்லை.

இனி, சிகிச்சைக்குப் போட்டியாக நிற்கும் சொற்கள். 'கலந்தாய்வு' வேண்டவே வேண்டாம். கலந்தாய்வுக்குப் போகிறேன் என்று காரிமங்கலத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "எந்த காலேஜ் கிடைச்சுது?" என்பார்கள். வாத்தியாராக இருந்தால், "எந்த ஊருக்கு மாத்தினாங்க?"

வலுவான போட்டி 'ஆற்றுப்படுத்துதல்'. தமிழாசிரியர்கள் இதற்கு உயிரைக் கொடுப்பார்கள். கடைக்கு வருகிற ஒருவரோடு இரண்டு டீ ஆறும்வரை வாதாடியிருக்கிறேன். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை, அவ்வளவு பழைய சொல் என்பது அவர் கட்சி. பழமையில் சந்தேகமே இல்லை. ஆறு என்றால் வழி, படுத்துதல் என்றால் அதில் செலுத்துதல். வள்ளலிடம் பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனிடம், இந்த வழியாகப் போ, இன்ன ஊரைத் தாண்டு, அவன் வாசலில் உனக்கும் கிடைக்கும் என்று சொல்வது ஆற்றுப்படை. அங்கே சொல்பவனுக்குப் போகுமிடம் தெரியும், வழி தெரியும், கிடைக்கப்போகும் பரிசும் தெரியும். தெரபியில் அப்படியா? எதிரே இருப்பவர் "புருஷனை விட்டு வா" என்றோ "பொறுத்துப் போ" என்றோ வழி காட்டினால் அவர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். கேட்பார், கேள்வி போடுவார், முடிவு நம்முடையது. வழிகாட்டத்தான் ஊரில் பெரியப்பாக்கள் இருக்கிறார்களே.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல்லைப் பிடிப்பவர்களில் பாதிப்பேர் அதை 'ஆற்றுதல்' என்று நினைத்துத்தான் பிடிக்கிறார்கள். பாலை ஆற்றுகிறோம், புண் ஆறுகிறது, மனசு ஆறவில்லை என்கிறோம், அந்த ஆறு. இலக்கணப்படி அது தப்பு. ஆனால் தெரபிக்கு அந்தத் தப்புதான் நெருக்கம்! சரியான பொருள் விலகி நிற்க, தவறான பொருள் வந்து பொருந்தும் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டும் தெரியாத என் கடைப் பையன், 'ஆற்றுப்படுத்துநர்' என்று ஒரு ஸ்கூல் பேனருக்கு அடித்துவிட்டு, "ஆத்துல படுக்க வைக்கிறவராண்ணா?" என்றான். தென்பெண்ணையையும் காவிரியையும் பார்க்கிற மாவட்டம், அவனைக் குறை சொல்ல முடியாது.

என் கட்சிக்குத் திருக்குறளைக் கூப்பிடுகிறேன். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், 950: "உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து." நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் நின்று கவனிப்பவன். தெரபோன் வேறென்ன? 638ஆம் குறளில், அரசனுக்கே தெரியாவிட்டாலும் நல்லதை எடுத்துச் சொல்லும் அமைச்சனுக்கும் 'உழையிருந்தான்' என்றுதான் பெயர். ஆனால் இன்று 'உழை' என்று அச்சடித்தால் மண்வெட்டிதான் ஞாபகம் வரும். ஆகவே அந்தச் சொல் ஆகாது, பொருள் மட்டும் ஆகும்.

அந்தப் பொருளை நாம் இன்னும் வேறு சொல்லில் வைத்திருக்கிறோம். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பாயும் பிளாஸ்க்குமாகப் படுத்திருப்பவரை யாரென்று கேட்டால், "துணைக்கு வந்திருக்கேன்" என்பார். ஊசி போட அவருக்குத் தெரியாது, ஆனால் அவர் இல்லாமல் ஆகாது. இலங்கையில் கவுன்சிலிங்கை 'உளவளத்துணை' என்று எப்போதோ வைத்துவிட்டார்கள். நான் அதையும் சுருக்கி உளத்துணை என்பேன். 'துணை' என்றால் கல்யாணத் தரகர் ஞாபகம் வருமே என்று என் மனைவி சொன்னாள். வரும்தான். முன்னால் 'உள' இருக்கிறது, சமாளிக்கலாம். நம் அரசாங்கத்துக்கும் இந்த விஷயத்தில் காது நன்றாகவே இருந்திருக்கிறது. 2022 அக்டோபரில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் வந்தபோது, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்தார்கள். அதில் 'சிகிச்சை' என்ற சொல்லே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். வாரம் ஒருநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும் சாக்கில் கவுன்சிலிங் மேடம் ஒருவரிடம் போனில் பேசுகிறாள். "அந்த மேடம்கிட்ட பேசிட்டு வந்தா கொஞ்சம் ஆறுதுண்ணா" என்று என் மனைவி பக்கத்தில் இருக்கும்போது சொல்லியிருக்கிறாள். எண்ணை 'கேஸ் புக்கிங்' என்று பதிந்து வைத்திருக்கிறாளாம்.

ஓசூர்க்காரரிடம் 'குடும்ப மன உளைச்சலுக்கு இணையவழி உளத்துணை' என்று மாற்றிக் காட்டினேன். மேலிடத்தில் மொழிபெயர்த்து ஓகே ஆனது, கை வைக்க வேண்டாம் என்றுவிட்டார். ஆயிரம் பிரதி அப்படியே ஓடியது. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த அந்தப் பெண் மேசையில் இருந்த கட்டிலிருந்து ஒன்றை உருவி, நின்றபடியே முழுசாகப் படித்தாள்.

"இது ரொம்ப முடியாம போனவங்களுக்காண்ணா?" என்று கேட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.