நாய் ஏன் தார்சாவிலேயே மலஜலம் போகிறது?

“முற்றத்துல அரை மணி நேரம் நின்னுச்சு, ஒண்ணும் போகல. உள்ள வந்ததும் தார்சாவுல போயிட்டு!” வளர்ந்த நாயைத் தத்தெடுத்தவர்கள் செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாரல் காலத்தில் இப்படித்தான் புலம்புவார்கள். தார்சா என்பது வீட்டின் முன்கூடம். நாய்க்குக் கொழுப்பு என்று முடிவுகட்டிவிடுவதும் உண்டு. காரணம் வேறு.

எந்தத் தரையில் கழிப்பது என்பதை நாய் இரண்டு மாதக் குட்டியாக இருக்கும்போதே பாதத்தால் பழகத் தொடங்கிவிடுகிறது. மண்ணில் திரிந்த தெருநாய் இதில் நமக்குப் பெரிய தொந்தரவு தராது. சிமெண்ட் தரையில் சங்கிலியோடு கிடந்த நாய்தான் பாடு. வழவழப்பான தரை எல்லாமே அதற்குக் கழிப்பிடம்.

அடுத்தது மூக்கு. நமக்கு மோப்ப உணர்வணுக்கள் ஐம்பது, அறுபது லட்சம். நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். பினாயில் ஊற்றினால் நமக்குத்தான் வாடை போகும். நொதி கலந்த திரவமே சிறுநீரின் மிச்சத்தைச் சிதைக்கும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின்மேல் தூவ வேண்டாம். அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு கிளம்பி நெஞ்சை எரிக்கும்.

இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடம்பின் அனிச்சைச் செயல். வேளாவேளைக்குச் சோறு வைத்தால் வெளியே போகும் நேரமும் பிடிபடும்: பெரும்பாலும் சாப்பிட்ட கால் மணியிலிருந்து அரை மணிக்குள். தூங்கி எழுந்ததும் ஒருமுறை. கயிற்றைப் பிடித்து ஒரே இடத்துக்கு நடத்துங்கள். போய் முடித்த மறுநொடி அங்கேயே ஒரு துண்டு கறி. வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்கான கூலி என்றே அது எடுத்துக்கொள்ளும். போகவில்லையா? உள்ளே கயிற்றோடு பக்கத்திலேயே வைத்திருந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி வெளியே. சாரலில் நனையப் பிடிக்காத நாய்க்குத் தகரக் கூரைக்கடியில் கொஞ்சம் மணல் கொட்டி, அதன் சிறுநீர் பட்ட காகிதத்தை அங்கே போட்டால் வாடையே கூப்பிடும்.

சில அண்ணாச்சிமார் மூக்கைப் பிடித்துத் தரையில் தேய்ப்பார்கள். நாய் அப்போது தலைகுனிவதைக் குற்ற உணர்ச்சி என்றும் சொல்வார்கள். நாய்களின் அறிவை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கியதும் அப்படித்தான் குனிந்தது. அடிபட்ட நாய் கற்றுக்கொள்வது ஒன்றே: மனிதர் பார்க்கப் போகக் கூடாது. பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து போவது அதனால்தான். நீங்கள் கயிற்றைப் பிடித்து நிற்கும்வரை முற்றத்தில் அரை மணி நேரம் அடக்கிக்கொண்டு நிற்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆள் குனிந்து தொடும்போது சொட்டுச்சொட்டாய் விட்டால் அது பயம். பக்கவாட்டில் உட்கார்ந்து கை நீட்டினால் போதும். நாற்காலிக் காலில் கொஞ்சமாய் அடிப்பது எல்லை குறிப்பது. ஆண் நாய்களில் பலவற்றுக்குக் கருத்தடைக்குப் பிறகு குறையும். தண்ணீர் மிகுதியாய்க் குடித்து அடிக்கடி போனால் பழக்கவழக்கத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்; சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வரும் என்பதால் வெறுங்கையால் துடைக்காதீர்கள். நாய்க்கு அதற்கான தடுப்பூசியும் உண்டு.