பாகோசைட்டோசிஸ்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

உடலுக்குள் புகுந்த கிருமியை வெள்ளணு முழுசாக உள்ளே இழுத்துச் செரித்துவிடுவதற்குப் பெயர் பாகோசைட்டோசிஸ். கிரேக்க மொழியில் 'பாகைன்' என்றால் தின்பது. 'கைட்டோஸ்' என்றால் உள்ளே குழிவான கலம். உயிரியலாளர்கள் அதைச் செல்லுக்கு எடுத்துக்கொண்டார்கள். 'ஓசிஸ்' செயலைக் குறிக்கும் விகுதி.

1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் விலங்கியலாளர் இலியா மெச்னிக்கோவ் நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். கண்ணாடி போன்ற உடல், உள்ளே நடப்பதெல்லாம் நுண்ணோக்கியில் தெரியும். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. வியன்னாவில் விலங்கியல் பேராசிரியர் கார்ல் கிளவுஸிடம் இதைச் சொன்னபோது கிடைத்ததுதான் இந்தக் கிரேக்கப் பெயர். 1908-இல் பால் எர்லிக்குடன் சேர்ந்து மெச்னிக்கோவ் நோபல் பரிசு பெற்றார்.

சரி, தமிழில்? இலங்கையில் இரத்தச் செல்லைக் குழியம் என்பார்கள். கிருமியைத் தின்னும் செல்லான பாகோசைட் அங்கே 'தின்குழியம்'. கைட்டோஸின் குழிவு 'குழியம்' என்பதிலும் இருப்பது அழகு. ஆனால் வினைத்தொகை இருபக்கமும் போகும். தின்பண்டம் தின்னப்படுவது அல்லவா? தமிழ்நாட்டில் வழங்கும் 'செல் விழுங்குதல்' என்பதிலும் இதே சிக்கல்: செல்லை விழுங்குவதா, செல் விழுங்குவதா?

செய்கிற செல்லுக்கு 'விழுங்கி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பூச்சிக்கொல்லியில் உள்ள அதே இகர விகுதி, யார் செய்கிறார் என்ற குழப்பம் இல்லை. இவற்றில் பெரிய வகையான மேக்ரோபேஜுக்குப் 'பெருவிழுங்கி' ஏற்கெனவே வழக்கில் உண்டு. அதோடு, இந்தச் செல் மெல்வதில்லை. சவ்வைக் கைபோல் நீட்டிக் கிருமியைச் சுற்றி வளைத்து, ஒரு பையாக்கி உள்ளே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பைதான் பாகோசோம். அப்புறம் செரிக்கும் நொதிகள் அடங்கிய சிறு பைகளான லைசோசோம்கள் வந்து அதோடு இணைகின்றன. பைக்குள் அமிலம் ஏறுகிறது, நொதிகள் கிருமியைச் சிதைக்கின்றன.

இந்தப் பின்பாதிக்காகத்தான் செயலை 'விழுங்கிச் செரித்தல்' என்று முழுதாகச் சொல்ல விரும்புகிறேன். காசநோய்க் கிருமியைப் பாருங்கள். நுரையீரலின் பெருவிழுங்கி அதை விழுங்கத்தான் செய்கிறது. கிருமியோ லைசோசோம் வந்து இணையாதபடி தடுத்து, தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே பெருகுகிறது. விழுங்கல் நடந்துவிட்டது, செரித்தல் நடக்கவில்லை. நோய் அங்கேதான் வேர் பிடிக்கிறது.