விசிறி வாங்கும் முன் காற்றின் வழியைப் பாருங்கள்

கத்திரி வெயில் நெருங்கிவிட்டால் ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று பழைய வட ஆற்காட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் எனக்கு ஒரே கேள்விதான் வரும்: "ஷெட்டுக்குள் நிற்க முடியவில்லை சார், இன்னும் எத்தனை எக்ஸாஸ்ட் ஃபேன் போட வேண்டும்?" தோல், காலணித் தொழிற்சாலைகளின் காற்றோட்டத்தை அளந்து சொல்வது என் தொழில். நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் விசிறிகளுக்குக் குறைவிருக்காது. ஆனால் அவற்றிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு ஜன்னல் அகலமாகத் திறந்திருக்கும்.

கெடுப்பது அந்த ஜன்னல்தான். எங்கிருந்து எளிதாகக் கிடைக்கிறதோ அங்கிருந்துதான் விசிறி காற்றை இழுக்கும். பக்கத்து ஜன்னலில் நுழைந்த காற்று அதே சுவர் வழியாக வெளியே போய்விடும். ஷெட்டின் நடுவில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது கொஞ்சமும் எட்டாது. விசிறி இருக்கும் சுவரின் ஜன்னல்களை மூடிவிட்டு, எதிர்ச்சுவரில் தாழ்வாகக் காற்று நுழைய வழி விட்டுப் பாருங்கள். எதிர்ச்சுவரில் ஏற்கெனவே ஜன்னல் இருக்கலாம். அதை அட்டைப்பெட்டிகள் மறைத்திருக்கும். கிடங்கில் இடமில்லை என்பார்கள். இருக்கலாம், ஆனால் அந்தப் பெட்டிகளுக்காகத்தான் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

காற்று எப்படிப் போகிறது என்று அறிய ஓர் ஊதுபத்தி போதும். புகை போகும் திசையைப் பார்த்தால் தெரிந்துவிடும். பசை ஒட்டும் பிரிவில் மட்டும் தீயே கூடாது, அங்கே ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

பசைப் பிரிவின் கணக்கே வேறு. பசையில் கலந்திருக்கும் டொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனமானது. கூரையில் விசிறி வைத்து அதை மேலே இழுத்தால், ஆவி தொழிலாளியின் மூக்கைக் கடந்துதான் போகும். மேசை மட்டத்திலேயே, ஆளுக்கு எதிர்ப்பக்கமாக உறிஞ்சும் வாய் வைக்க வேண்டும்.

அடுத்தது கூரை. வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். அது கதிர்வீச்சாகத் தலைமேல் இறக்கும் சூட்டை எந்த விசிறியும் விரட்டாது. வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு, தகரத்துக்கு அடியில் வெப்பக்காப்பு, முகட்டில் சூடான காற்று வெளியேறத் திறப்பு ஆகியவற்றைச் செய்த பிறகு விசிறியைப் பற்றிப் பேசலாம். சுவரும் கூரையும் உள்வெப்பத்தை இயன்றவரை குறைவாக வைக்கும்படி அமைய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 13ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தது.

ஒரு கணக்கு. 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள ஷெட்டில் 10,800 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்கு 10 முறை அதை மாற்ற 1,08,000 கன மீட்டரை நகர்த்த வேண்டும். வெளியேறும் காற்று உள்ளே வரும் காற்றைவிட 5 டிகிரி சூடாக இருந்தால், ஏறக்குறைய 180 கிலோவாட் வெப்பம் அதோடு போகிறது. அதில் எவ்வளவைக் கூரையிலேயே தடுக்கிறீர்களோ, அவ்வளவுக்கு விசிறியின் வேலை குறையும். தோல் உலர்த்தும் பிரிவில் உறையில்லாமல் ஓடும் நீராவிக் குழாய்களையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பாய்லரில் விறகை எரித்து ஷெட்டைச் சூடாக்கிவிட்டு, அதே சூட்டை வெளியேற்ற மின்சாரம் செலவழிப்பது என்ன கணக்கோ!

வெளியே 41 டிகிரி என்றால் காற்றோட்டத்தால் மட்டும் உள்ளே அதற்குக் கீழே கொண்டுவர முடியாது. நனைந்த திரை வழியாகக் காற்றைக் குளிர்விக்கும் கருவி வேலூரின் வறண்ட மே மாதப் பிற்பகலில் நன்றாகவே உதவும். ஆனால் ஈரக்காற்று வெளியேறத் தனி வழி வேண்டும். இல்லாவிட்டால் புழுக்கம்தான் மிஞ்சும். வடகிழக்குப் பருவமழையின்போது அதை நிறுத்திவிடுங்கள். தோலில் பூஞ்சை பிடிக்கும்.

மார்கழிக் காலையிலும் விசிறிகள் முழு வேகத்தில் ஓடுவதைப் பல ஆலைகளில் பார்க்கிறேன். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் விசிறி இழுக்கும் மின்திறன் வேகத்தின் முப்படியோடு (0.8 × 0.8 × 0.8 என்றால் ஏறக்குறைய 0.51) ஏறி இறங்குகிறது. பசைப் பிரிவின் உறிஞ்சிகளை மட்டும் எந்த மாதத்திலும் குறைக்கக்கூடாது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தியதும், அதன் குமிழ் யார் கையில் என்ற சண்டை வரும். மேலாளர் அறையில் மட்டும் வைக்காதீர்கள்; அங்கே ஏசி ஓடுகிறது.