லூட் பாக்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

சேலம் அம்மாபேட்டையில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பெட்டிக்கடை வாசலில் ஓர் அட்டை தொங்கும். வரிசையாகச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். காசைக் கொடுத்து ஒன்றைக் கிழித்தால் பலூனோ மிட்டாயோ கிடைக்கும். மேலே கட்டியிருக்கும் பெரிய பொம்மை மட்டும் எங்களில் யாருக்கும் விழுந்ததில்லை.

இன்று அக்கா மகன் போன் கேமில் திறக்கிற ‘லூட் பாக்ஸ்’ அதே அட்டைதான். பணம் கட்டித் திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

‘லூட்’ என்பது கொள்ளையைக் குறிக்கும் இந்திச் சொல். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் ஆங்கிலத்துக்குப் போனது. வீடியோ கேமில் எதிரியை வீழ்த்தியதும் கிடைக்கும் பொருளுக்கு இந்தப் பெயர் வந்தது. அது ஆடிச் சம்பாதித்தது. அதையே பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்த பிறகும் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆட்டம் கெட்டுப்போவது இங்கேதான். பெட்டி விற்க வேண்டுமானால், காசு போடாமல் ஆடுகிறவருக்கு அலுப்புத் தட்ட வேண்டும். 2017இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ வந்தபோது, டார்த் வேடர் என்ற பாத்திரத்தைத் திறக்க 60,000 கிரெடிட் (கேமுக்குள் சேர்க்கும் புள்ளி) கேட்டார்கள். ஆடிச் சேர்க்க ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். இத்தனைக்கும் முழு விலை கொடுத்து வாங்குகிற கேம் அது! எதிர்ப்பு கிளம்பியதும் கிரெடிட்டை 75 சதவீதம் குறைத்தார்கள். அப்புறம் கேமுக்குள் நிஜக் காசுக்கு விற்பதையே நிறுத்திவைத்தார்கள். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், சில கேம்களில் உள்ள லூட் பாக்ஸ் சட்டவிரோதச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது.

சரி, தமிழில்? ‘கொள்ளைப் பெட்டி’ என்றால் திருடன் ஒளித்துவைத்த பெட்டி மாதிரி இருக்கிறது. ‘பரிசுப் பெட்டி’ எனக்குப் பிடிக்கவே இல்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது எப்படிப் பரிசாகும்? ‘குலுக்கல் பெட்டி’ என்பேன். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடையாகும்வரை ஊரில் எத்தனை வீட்டுக் கூலி அதில் போனது என்று பார்த்தவர்களுக்குக் குலுக்கலை விளக்க வேண்டியதில்லை.

“பையன் லூட் பாக்ஸ் வாங்கியிருக்கான்” என்று அக்காவிடம் சொன்னபோது அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “குலுக்கல்ல காசு போட்டிருக்கான்க்கா” என்றதும் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.