லைன்-அப்: சொல்லும் தமிழ் இணைச்சொல்லும்

ராக் இசைக்குழுக்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘லைன்-அப்’ என்ற சொல்லை அப்படியே ஆள்கிறார்கள், அல்லது ‘உறுப்பினர்கள்’ என்று பெயர்க்கிறார்கள். பின்னதில் பொருள் பாதியாகிவிடுகிறது. குறிப்பிட்ட ஒரு காலத்தில் குழுவில் யார் யார் இருந்தார்கள், யார் பாடினார், யார் எந்தக் கருவியை வாசித்தார் என்னும் அமைப்பு முழுவதையுமே லைன்-அப் குறிக்கிறது.

ஆளிச் செடியைக் குறித்த லத்தீன் ‘லீனும்’ என்ற சொல்லிலிருந்து, அதன் நாரால் திரித்த நூலுக்கு ‘லீனியா’ என்ற பெயர் வந்தது. ஆங்கிலத்தின் ‘லைன்’ அதன் வழிவந்தது. வரிசையாக நிற்பதைச் சொன்ன ‘லைன் அப்’ என்னும் வினைத்தொடர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க விளையாட்டுக் களங்களில் பெயர்ச்சொல்லாகப் பரவி, பின்னர் இசையுலகுக்கும் வந்து சேர்ந்தது.

இச்சொல் ஏன் தேவைப்படுகிறது என்பதை லினர்ட் ஸ்கினர்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் வரலாறு காட்டும். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 1964இல் ரானி வான் ஸான்ட், கேரி ராசிங்டன், ஆலன் காலின்ஸ், பாப் பர்ன்ஸ், லாரி ஜன்ஸ்ட்ராம் ஆகிய ஐந்து இளைஞர்கள் தொடங்கிய இக்குழு, நீண்ட முடியைக் கண்டித்த பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் பெயரைத் திரித்துப் பின்னாளில் தன் பெயராக வைத்துக்கொண்டது. 1973இல் முதல் இசைத்தொகுப்பு வெளிவருவதற்குள்ளாகவே ஜன்ஸ்ட்ராம் விலகியிருந்தார். 1975இல் கிதார் கலைஞர் எட் கிங் விலக, பின்னணி பாடிய கேஸி கெய்ன்ஸின் தம்பி ஸ்டீவ் கெய்ன்ஸ் 1976இல் அந்த இடத்துக்கு வந்தார். 1977 அக்டோபர் 20 அன்று எரிபொருள் தீர்ந்த அவர்களது விமானம் மிசிசிப்பிக் காட்டில் விழுந்தது. ரானியும் கெய்ன்ஸ் உடன்பிறப்புகள் இருவரும் உட்பட ஆறு பேர் மாண்டனர். பத்தாண்டுகளுக்குப் பின், 1987இல், எஞ்சியோர் ரானியின் தம்பி ஜானியைப் பாடகராகக் கொண்டு மீண்டும் மேடையேறினர். இத்தனை மாற்றங்களையும் ‘உறுப்பினர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கினால், எந்தப் பாடல் எவர் கூடி உருவாக்கியது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும். இசையை மதித்து எழுதுபவர் அதை அனுமதிக்கலாகாது.

தமிழில் இதற்குப் பொருந்துவது ‘அணி’. வரிசை, ஒழுங்கு, படைவகுப்பு என்ற பொருள்கள் அதற்குப் பழமையானவை. காவல்துறை நடத்தும் லைன்-அப்பை நாளிதழ்கள் ஏற்கெனவே ‘அடையாள அணிவகுப்பு’ என்றுதான் எழுதுகின்றன. ‘வரிசை’ என்று மட்டும் சொன்னால் கடைமுன் நிற்கும் கூட்டமே நினைவுக்கு வரும். விளையாட்டில் அணி என்பது குழுவையே குறிக்கிறதே என்று கேட்கலாம். இசையில் அவ்விடத்தை ‘இசைக்குழு’ என்ற சொல் நிறைவாக வகிப்பதால் குழப்பம் நேராது. தனியே நிற்கும்போது மட்டும் ‘இசைஞர் அணி’ என்று விரித்தெழுதலாம். தொடக்க அணி, 1977 அணி, மீள்கூடிய அணி என்று அடைமொழி சேர்ப்பதும் எளிது. ராசிங்டன் 2023 மார்ச் 5 அன்று காலமானபோது தொடக்க அணியில் எவரும் உயிருடன் இல்லை என்ற நிலை வந்தது. குழு, ஜானி வான் ஸான்ட் பாடும் அணியோடு நிகழ்ச்சிகளைத் தொடர்ந்தது.